கடலுக்கு ஒரு படம்! வானத்துக்கு ஒரு படம்!
இரண்டையும் ஒன்றாக்கிய பிரெஞ்சுக்காரர்

கடற்கரையில் நின்று பார்த்தால் மேகமும் தெரிகிறது, அலையும் தெரிகிறது. ஆனால் போட்டோவில் வானம் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. இல்லாவிட்டால் கடல் இருண்டுவிடுகிறது. ஏன்?

வானத்தில் வெளிச்சம் அதிகம், கடலில் குறைவு. நமது கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும். காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

இந்தச் சிக்கலுக்கு 1850-களிலேயே வழி கண்டவர், பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே. ஓவியம் பயின்றவர் அவர்.

ஒட்டு தெரியவில்லை!

அப்போது பிலிம் கிடையாது. மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில் படம் எடுப்பார்கள். அந்த மருந்தில் நீல ஒளி சட்டென்று பதிந்துவிடும். கடல் சரியாகப் பதிவதற்குள் வானத்தில் மேகம் காணாமல் போய்விடும்!

லெ கிரே இரண்டு தகடுகளை எடுத்தார். ஒன்றில் கடல், மற்றொன்றில் வானம். காகிதத்தில் அச்சிடும்போது, கடல் தகட்டில் வானப் பகுதியை மறைத்தார். வானத் தகட்டில் கீழ்ப் பகுதியை மறைத்தார். இரண்டும் தொடுவானத்தில் சேர்ந்தன. அங்கேதான் இயற்கையே ஒரு கோடு போட்டிருக்கிறதே! ஒட்டு எப்படித் தெரியும்?

1857-ல் செத் துறைமுகத்தில் அவர் எடுத்த "பெரிய அலை" இப்படிப் பிறந்ததுதான்.

இது ஏமாற்றா?

ஒரே மேகத்தை அவர் வேறு வேறு கடல் படங்களிலும் சேர்த்ததுண்டு. அந்த மேகமும் அந்த அலையும் ஒரே நேரத்தில் இருந்தவை அல்ல. ஆனாலும், கண் காண்பதைத் தகடு காட்ட மறுத்தபோது, கண்ணின் பக்கம் நின்றவர் அவர்.

பிற்காலத்தில் வழி எளிதாயிற்று. கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுப்பவர்கள் லென்சுக்கு முன் மஞ்சள் கண்ணாடி மாட்டினார்கள். அது நீல ஒளியைத் தடுக்கும்; வானம் கருத்து, மேகம் வெண்மையாக எடுப்பாகத் தெரியும். மேல் பாதி கருமையாகவும் கீழ்ப் பாதி தெளிவாகவும் உள்ள பில்டரும் வந்தது. அது வானத்தின் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும்.

கடன் துரத்திய வாழ்வு

புகழ் வந்தது, பணம் நிற்கவில்லை. கடன் சுமை தாங்காமல் 1860-ல் மனைவி மக்களை விட்டுப் பாரிசிலிருந்து புறப்பட்ட லெ கிரே, திரும்பவே இல்லை. எகிப்தில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து, 1884-ல் கெய்ரோ நகரில் காலமானார்.

1999-ல் லண்டனில் "பெரிய அலை" ஏலத்துக்கு வந்தது. விலை, 5 லட்சம் பவுண்டுக்கு மேல்! அதுவரை எந்தப் போட்டோவும் ஏலத்தில் அவ்வளவு விலை போனதில்லை.

இன்று கைப்பேசியே கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கிவிடுகிறது. கடனால் ஊரை விட்டுப் போனவரின் யுக்தி, இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறது!