காய்ச்சல் போனது, கிருமி போனதா? - புக்கிட் பெலண்டோக் தரும் மருத்துவப் பாடம்

புக்கிட் பெலண்டோக் என்றால் மலாய் மொழியில் சருகுமான் குன்று என்று பொருள். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரம் அது. அங்குள்ள சுங்கை நிப்பா என்ற சின்னஞ்சிறு கிராமத்தின் பெயரை இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். நிப்பா என்ற கொடிய கிருமிக்கு அந்தப் பெயர் நம் நாட்டிலிருந்துதான் போனது.

உடல்நலம் பற்றித் தொலைக்காட்சியில் எந்தக் கலந்துரையாடல் நடந்தாலும் நேயர்கள் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். இது இன்ன நோய்தான் என்று மருத்துவர்கள் எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? அதற்கு மருந்து இருக்கிறதா? ஒரு முறை குணமாகிவிட்டால் அதோடு முடிந்ததா? இந்த மூன்று கேள்விகளுக்கும் புக்கிட் பெலண்டோக்கின் கதையில் விடை கிடைக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்து வைத்திருப்பது நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படும்.

கொசுவைத் துரத்திய மாதங்கள்

1998 செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டார்கள். கடுமையான காய்ச்சல், தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு என்று தொடங்கிப் பலர் நினைவிழந்தார்கள். ஜே.இ. எனப்படும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் முடிவு செய்யப்பட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. ஜே.இ. பன்றிகளிடமிருந்து கொசு வழியாக மனிதர்களுக்கு வரும் நோய். நோய்ப்பட்ட சிலரின் இரத்தத்தில் ஜே.இ.க்கான அடையாளங்களும் தெரிந்தன.

ஆகவே கொசுவை ஒழிக்கப் புகை அடிக்கப்பட்டது. பண்ணைக்காரர்களுக்கு ஜே.இ. தடுப்பூசி போடப்பட்டது. ஆனாலும் நோய் நிற்கவில்லை. பன்றிகள் லோரிகளில் மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்பட்டபோது நோயும் கூடவே தெற்கு நோக்கி நகர்ந்தது. முதலில் சிரம்பானுக்கு அருகே சிக்காமாட், பிறகு புக்கிட் பெலண்டோக். ஆக அதிகமாகப் பாதிக்கப்பட்டது இந்தக் கடைசி இடம்தான். 1999 மார்ச்சில் சிங்கப்பூரின் அறுப்புக் கூடத் தொழிலாளர்களில் 11 பேருக்கு நோய் கண்டது, ஒருவர் இறந்தார்.

இதற்கிடையே சில விஷயங்கள் கணக்கில் ஒத்துவரவில்லை. ஜே.இ. பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் திடகாத்திரமான ஆண்கள். கொசு என்றால் பக்கத்து வீட்டையும் கடிக்கும். இங்கேயோ பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கே நோய் வந்தது. ஜே.இ. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் பலமாக இருமி, மூச்சுத் திணறி இறந்தன. ஜே.இ.யில் பன்றிகள் அப்படிச் சாவதில்லை.

உழைத்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். ஆனால் பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்த நம் தமிழர்களும் நோய்ப்பட்டவர்களில் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

உண்மை வெளிப்பட்ட மார்ச் மாதம்

1999 மார்ச் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த மாதிரியில் புதிய கிருமி ஒன்றைக் கண்டார். ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டிகளாக மாறின. அந்த மாதிரியுடன் அவர் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையத்துக்குச் சென்றார். 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குதிரைகளையும் மனிதர்களையும் தாக்கிய ஹெண்ட்ரா கிருமிக்கு இது உறவு என்பது அங்கே தெளிவானது. கொசுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நோயுற்ற பன்றியின் சளியும் சிறுநீரும்தான் வழி.

காரணம் தெரிந்த பிறகு நடவடிக்கையும் மாறியது. மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். இராணுவம் இறங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டன. நோய் அடங்கியது. மருத்துவ ஆய்வேடுகளின் கணக்குப்படி 1998 செப்டம்பர் முதல் 1999 ஜூன் வரை நம் நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பரம்பரையாகச் செய்த தொழிலைப் பல குடும்பங்கள் ஒரே மாதத்தில் இழந்தன.

இக்கிருமியின் இயற்கையான இருப்பிடம் பழந்தின்னி வௌவால். தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலும் அவை கடித்துப் போட்ட பழத்திலும் நிப்பா கிருமி கண்டெடுக்கப்பட்டதை டாக்டர் சுவாவும் குழுவினரும் 2002இல் வெளியிட்டார்கள். ஈப்போ வட்டாரப் பண்ணையில் பன்றிக் கொட்டகைகளை ஒட்டியே மாமரங்கள் இருந்தன. வௌவால் தின்ற பழம் கீழே விழ, அதைப் பன்றி தின்ன, பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

மருந்து இருக்கிறதா?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். நோய் பரவிய அந்த நெருக்கடியில் மருத்துவர்கள் கையில் இருந்த ஒரே நம்பிக்கை ரிபாவிரின் என்ற மருந்து. வேறு சில கிருமிகளுக்குப் பயன்பட்ட மருந்து அது. நம் நாட்டு மருத்துவர்கள் அதை 140 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்களில் 45 பேர், அதாவது நூற்றுக்கு 32 பேர் இறந்தார்கள். மருந்து பெறாத 54 பேரில் 29 பேர், நூற்றுக்கு 54 பேர் இறந்தார்கள். இந்த முடிவு 2001இல் வெளியானது.

கேட்டவுடன் என்ன தோன்றும்? மருந்து கிடைத்துவிட்டது என்றுதானே? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். மருந்து பெறாதவர்கள் யார்? மருந்து வந்து சேர்வதற்கு முன்பே நோய்ப்பட்டவர்களும், மருந்து வேண்டாம் என்று மறுத்தவர்களும். முன்பு வந்த நோயாளிகளுக்கு என்ன நோய் என்றே தெரியாது. பின்னர் வந்தவர்களை மருத்துவர்கள் சீக்கிரம் அடையாளம் கண்டிருக்கலாம், அனுபவத்தோடு கவனித்திருக்கலாம். அப்படியானால் உயிர் காத்தது மருந்தா, கவனிப்பா? இரண்டு குழுக்களும் சமமாக இல்லாதபோது இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் நல்ல ஆய்வில், ஒரே காலத்தில், ஒரே மாதிரியான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். உயிர்கள் போய்க்கொண்டிருந்த 1999இல் அப்படிச் செய்ய நேரமும் இல்லை, மனமும் வராது. மருத்துவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண்களை வைத்து இறுதித் தீர்ப்பும் சொல்ல முடியாது.

பிறகு விலங்குகளில் சோதித்தார்கள். தோட்டப்புறத்தில் முன்பு மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோகுயின் மாத்திரை நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆய்வகக் குடுவையில் அது நிப்பா கிருமியைத் தடுத்தது. ஆனால் குளோரோகுயினையும் ரிபாவிரினையும் சேர்த்து வெள்ளெலி வகையான ஹாம்ஸ்டர்களுக்குக் கொடுத்தபோது, அவை சாவிலிருந்து தப்பவில்லை என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. குடுவையில் வேலை செய்யும் மருந்தெல்லாம் உடம்பில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. கைத்தொலைபேசியில் வரும் 'அற்புத மருந்து' செய்திகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ரிபாவிரினுக்குப் பக்க விளைவும் உண்டு. அது சிவப்பணுக்களை உடைத்து இரத்தச் சோகையை உண்டாக்கலாம். கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யலாம். பயன் இவ்வளவு, கெடுதல் இவ்வளவு என்று எடைபோட்டே ஒரு மருந்தைக் கொடுக்க வேண்டும்.

இன்றுவரை நிப்பாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஆய்வுகள் தொடர்கின்றன. எம்102.4 என்ற எதிர்ப்புப் புரதத்தை ஆஸ்திரேலியாவில் நலமுள்ள 40 பேருக்குக் கொடுத்துச் சோதித்த முதல் கட்ட முடிவு 2020இல் வந்தது. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில் தடுப்பூசி ஒன்றை முதல் முறையாக மனிதர்களுக்குப் போட்டுச் சோதிக்கத் தொடங்கியது. முதல் கட்டம் என்பது முக்கியமாகப் பாதுகாப்பைப் பார்ப்பது. நோயைத் தடுக்குமா என்பதை அதற்குப் பின்வரும் கட்டங்கள்தான் சொல்லும்.

குணமானவர்களின் கதை

மூன்றாவது கேள்வி, நாள்பட்ட நோயைப் பற்றியது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் விட்டுவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வு உலக மருத்துவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

மூளைக் காய்ச்சலிலிருந்து பிழைத்தவர்களில் 12 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏழரை பேருக்கு, மூளை பாதிப்பு திரும்பவும் வந்தது. அதைவிட வியப்பு, கிருமி தொற்றியும் மூளைக் காய்ச்சல் வராமல் இருந்தவர்களில் 10 பேருக்குப் பல மாதங்கள் கழித்து அது முதல் தடவையாக வந்தது. தொற்றிய நாளுக்கும் இந்தப் பாதிப்புக்கும் இடையே சராசரியாக எட்டு மாதங்களுக்கு மேல். இந்த 22 பேரில் 4 பேர் இறந்தார்கள். இறந்த இருவரின் மூளையைச் சோதித்தபோது அங்கே நிப்பா கிருமியின் அடையாளம் இருந்தது. கிருமி உடம்பைவிட்டுப் போகாமல் மூளையில் பதுங்கியிருந்தது என்பது அதன் பொருள். தொற்றுக்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு மூளைக் காய்ச்சல் வந்த ஒருவரைப் பற்றியும் நம் நாட்டு மருத்துவர்கள் 2012இல் எழுதியிருக்கிறார்கள்.

தொடர் கவனிப்பு இல்லாமல் இருந்திருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்குமா? 'எனக்குத்தான் நல்லாயிடுச்சே, எதுக்கு மறுபடி கிளினிக்?' என்று கேட்கும் நம்மவர்கள் இதை யோசிக்க வேண்டும். மருத்துவர் கொடுக்கும் தேதி உங்கள் உயிருக்குக் காவல். அதைத் தவறாமல் கடைப்பிடித்த நோயாளிகளால்தான் மற்றவர்களுக்கும் இந்த அறிவு கிடைத்தது.

மருத்துவமனைக்குள் ஆபத்து

நோயாளியைப் பார்த்துக்கொண்ட தாதியர்களுக்கு என்ன ஆனது? நோயாளிகளோடு பழகிய 338 மருத்துவமனை ஊழியர்களை ஆராய்ந்தார்கள். 12 பேருக்கு ஊசி குத்திய காயம் ஏற்பட்டிருந்தது. ஆனாலும் ஒருவருக்கும் மூளைக் காய்ச்சல் வரவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. 2001இல் மேற்கு வங்காளத்தின் சிலிகுரியில் மருத்துவமனைகளுக்குள்ளேயே நோய் பரவியது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் பெரும்பாலோர் மருத்துவமனையில்தான் தொற்றைப் பெற்றார்கள்; அரசின் கணக்கில் 17 பேர் இறந்தார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி என்ற தாதியும் அவர்களில் ஒருவர். வங்காளதேசத்திலும் இந்தியாவிலும் பரவும் கிருமி நம் நாட்டில் கண்ட வகையிலிருந்து சற்று மாறுபட்டது. அங்கே இருமல் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது. வங்காளதேசத்தில் வௌவால் நக்கிய பச்சைப் பேரீச்ச மரச் சாறும் ஒரு வழி.

அதனால் நோயாளியைப் பார்க்கப் போகும்போது முகக்கவசம் போடச் சொன்னால் போடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். குடும்பமே திரண்டு போய்க் கட்டிலைச் சுற்றி நிற்கும் வழக்கத்தைக் குறைத்துக்கொள்வோம்.

நம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

முதலாவது, மருத்துவரிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். ஆட்டுக் கொட்டகை, கோழிப் பண்ணை, செம்பனைத் தோட்டம், அறுப்புக் கூடம் எதுவானாலும் சரி. கடந்த இரண்டு வாரத்தில் எங்கே போனீர்கள், எந்தப் பிராணி செத்தது என்பதையும் சொல்லுங்கள். பன்றிகள் இருமிச் செத்த செய்தி நோயைக் கண்டுபிடிக்க எவ்வளவு உதவியது என்று பார்த்தோம் அல்லவா?

இரண்டாவது, பறவையோ வௌவாலோ கடித்த பழத்தை எறிந்துவிடுங்கள். பழங்களைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள். நோயுற்ற பிராணியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

மூன்றாவது, மருந்தை உங்கள் விருப்பப்படி நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் கடுமையாகத் திரும்பலாம். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் அப்படித்தான். ஒத்துவரவில்லை என்றால் மருத்துவரிடமோ மருந்தகரிடமோ சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்காவது, மருந்து வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்துகளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். பதிவில்லாத 'மூட்டுவலி மருந்து' சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். நாட்டு மருந்தோ சின்சே மருந்தோ சாப்பிட்டால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரே என்று பயந்து மறைத்தால் பாதிப்பு நமக்குத்தான்.

1999க்குப் பிறகு நம் நாட்டில் நிப்பா தலைகாட்டவில்லை. ஆனால் வௌவால்கள் இங்கேதான் இருக்கின்றன. அடுத்த முறை எந்த ஊரில் எந்தக் கிருமி வந்தாலும், 'இது வழக்கமான நோய் மாதிரி இல்லையே' என்று முதலில் கவனிக்கப் போகிறவர் பண்ணையிலோ தோட்டத்திலோ வேலை செய்யும் ஒருவராகவே இருப்பார். அவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்பவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்த வாரம் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கிளினிக் தேதி இருந்தால், சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கூடவே போய் வாருங்கள்.