சிகிச்சை முடிந்து கப்பலேறிய பின்...

அந்தமானில், 2024 வரை போர்ட் பிளேர் என்றிருந்த ஸ்ரீ விஜயபுரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது பாம்பூஃப்ளாட். சாத்தம் படகுத்துறையில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். சாலை வழியென்றால் பெரிய சுற்று. தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர். பெரிய நோய் என்றால் அக்கரையிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனை, அதற்கு மேல் சென்னை. கப்பலில் சுமார் மூன்று நாள். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பெயர் தீவுத் தமிழர்களுக்கும் புதிதல்ல.

அறுவை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, "ஊருக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னதும் உறவினர் பெருமூச்சு விடுகிறார்கள். நோயாளிக்கோ அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது.

குரல்வளை முழுவதும் எடுக்கப்பட்டவர், கழுத்தின் அடியில் வைத்த துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறார். தண்ணீரில் விழுந்தால், எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரரானாலும், நீர் நேரே மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குளிக்கும்போதுகூடத் துளையை மறைத்துக்கொள்ள வேண்டும். படகிலும் மீன்பிடியிலும் பிழைத்தவருக்கு வேறு பிழைப்புத் தேட வேண்டிய நிலை.

பேச்சுக்கு வழி உண்டு. உணவுக்குழாய் வழியே குரல் எழுப்பப் பழகலாம். கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவி இருக்கிறது. சிறு வால்வும் பொருத்தலாம். ஆனால் வால்வு சில மாதங்களில் தேய்ந்து கசியும். ஒவ்வொரு முறையும் கடல் தாண்டி வந்து மாற்ற எத்தனை பேரால் முடியும்? பொருத்துவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குத் தாடை இறுகலாம். டாக்டர் காட்டிக்கொடுத்தபடி மெல்லிய மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்துத் தினமும் வாய் திறந்து பழக வேண்டும். காசு செலவில்லாத பயிற்சிதான். விட்டுவிட்டால் இட்லித் துண்டும் உள்ளே போகாது. மார்பக அறுவை செய்துகொண்ட பெண்கள் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றித் தோளை அசைக்க வேண்டும். அந்தக் கை வீங்கினால் வேலைக் களைப்பு என்று விட்டுவிடக்கூடாது. இவற்றைச் சரிபார்க்க பிசியோதெரபி தெரிந்த ஒருவர் வீட்டுக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். வலிக்கிற தோளோடு அடிக்கடி படகேறச் சொல்வது நியாயமல்ல.

இனி வேலை விஷயம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குரல்வளை நீக்கத்தால் வரும் நிரந்தரப் பேச்சிழப்பை ஊனமாக ஏற்றிருக்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 20-வது பிரிவு. குமாஸ்தாவுக்கு இது பெரிய தைரியம். ஒப்பந்தக் கூலிக்கு அந்தப் பிடிமானம் இல்லை. அவருக்குத் தையலோ சிறு கடையோ, ஏதாவது தொழில் அமைத்துத் தருவதும் மறுவாழ்வில் சேர்ந்ததே.

சென்னையில் இறங்கி வேலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ மறுபரிசோதனைக்குப் போகிறவர்கள் கவனிக்க: புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு. மருத்துவமனையிடம் உரிய படிவத்தில் சான்று வாங்கி, டிக்கெட் எடுக்கும்போதே கவுண்ட்டரில் காட்ட வேண்டும்.