தாய்க்கரடியை எண்ணும் மலைகள்

ஸ்பெயினின் வடக்கே அஸ்தூரியாஸ் மலைகளில், வெயில் நன்றாக விழும் சரிவுகளில் வட்டமான கல் மதில்களைப் பார்க்கலாம். கூரை கிடையாது. சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கியது. கையைத் தூக்கினாலும் எட்டாத உயரம். உச்சியில் பலகைக் கற்களை வீட்டு இறவாரம் போல வெளிப்பக்கம் நீட்டி வைத்திருப்பார்கள். நுழைய ஒரே ஒரு சின்னக் கதவு. உள்ளே படிப்படியாகத் தட்டுகள், அவற்றின்மேல் உள்ளே குடைந்த மரத்துண்டுகள். அவைதான் தேன்கூடுகள். இந்த மதிலுக்கு அந்த ஊர்ப் பெயர் கொர்த்தீன். கரடிக்குப் பயந்து கட்டியது. மூலை இருந்தால் கரடி இரண்டு சுவரிலும் கால் கொடுத்து ஏறிவிடும், அதனால் வட்டம். அப்படியும் ஏறி வந்தால் நீட்டிய கல் தலையில் முட்டும். இன்று பெரும்பாலான தேனீக்காரர்கள் மின்வேலி போட்டுவிடுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பாஸ்தோர் எலெக்த்ரிகோ', அதாவது மின்சார இடையன்.

மதிலுக்கு வெளியே நின்ற பிராணி கான்டாப்ரியப் பழுப்புக் கரடி. ஸ்பானியத்தில் 'ஓஸோ பார்தோ'. அலாஸ்காவில் சால்மன் மீனைக் கவ்வுகிறதே, அதே இனம்தான். ஆனால் உருவம் சிறியது. வளர்ந்த ஆண் சுமார் 180 கிலோ வரை இருக்கும், பெண் அதைவிடக் குறைவு. வசந்தத்தில் புல், கோடையில் காட்டுப் பழங்கள், எறும்பு, இலையுதிர் காலத்தில் ஓக், செஸ்ட்நட் கொட்டைகள், எப்போதாவது செத்த மாடு என்று சாப்பாடு ஓடும். தேனடையை உடைத்தால் தேனோடு தேனீப் புழுக்களும் போய்விடும். இப்படி முக்கால்வாசி சைவமாக வாழும் பிராணிதான் 739-இல் அஸ்தூரியாஸ் மன்னர் ஃபாவிலாவைக் கொன்றது என்கின்றன பழைய வரலாற்றுக் குறிப்புகள்.

ஆண் கரடி ஓஸோ, பெண் ஓஸா, குட்டி ஓஸெஸ்னோ, குளிர்காலத்தில் முடங்கும் பொந்து ஒஸேரா. அஸ்தூரியாஸ் கிராமத்தார் குட்டியை எஸ்பர்து என்பார்கள். மத்ரித் நகரின் சின்னமே மத்ரோன்யோ மரத்தில் முன்கால்களை வைத்து நிற்கும் கரடிதான். சிற்பி அந்தோனியோ நவாரோ சாந்தாஃபே செய்த அதன் சிலை 1967-இல் நகர நடுவில் வைக்கப்பட்டது. அது ஓஸோவா ஓஸாவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு. எறும்புதின்னிக்கும் ஓஸோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள், அது கரடியே இல்லை. நம் காட்டுக் கரடிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஓஸோ பெசூதோ', தடித்த உதட்டுக் கரடி. உதட்டைக் குவித்துக் கரையானை உறிஞ்சும் பிராணிக்கு, ஆங்கிலேயர் ஒட்டிவிட்ட 'சோம்பல்' பட்டத்தைவிட இது எவ்வளவோ பொருத்தம். நாம் கரடி விடுகிறோம். அவர்களோ, ஒருவன் நாலு பேர் சிரிக்கும்படி நடந்துகொண்டால் கரடி செய்கிறான் என்கிறார்கள்.

மலையில் கரடிக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு முக்கியமானவள் ஓஸாதான். கரடி தனியாகத் திரியும். இன்று பார்த்ததும் நேற்றுப் பார்த்ததும் ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டுப் பிறந்த குட்டிகளோடு வரும் தாயை மட்டும் அடையாளம் வைக்கலாம். எத்தனை குட்டி, என்ன அளவு, எந்தப் பள்ளத்தாக்கு, எந்தத் தேதி என்று குறித்தால், இரு முறை எண்ணிவிடும் ஆபத்து பெரிதும் குறையும். ஆகவே ஆண்டுதோறும் குட்டியோடு இருக்கும் தாய்களைத்தான் எண்ணுகிறார்கள்.

அந்தத் தாய்களைத் தேட வேண்டிய இடம் பாறை முகடு. ஜனவரியில் ஒஸேராவுக்குள் குட்டி பிறக்கும்போது எடை அரைக் கிலோகூட இருக்காது. ஏப்ரல், மே வாக்கில் தாய் வெளியே கொண்டுவருவாள். அதுவேதான் இணைசேரும் பருவம். குட்டி செத்தால் தாய் மறுபடி இணைசேரத் தயாராவாள் என்பதால், வழியில் வரும் ஆண் கரடி குட்டிகளைக் கொல்லப் பார்க்கும். எனவே தீனி நிறைந்த பள்ளத்தாக்கை விட்டுவிட்டு, ஆண்கள் அதிகம் வராத செங்குத்துப் பாறைக்குத் தாய் குட்டிகளோடு ஏறிவிடுகிறாள். எதிர்ச் சரிவில் தொலைநோக்கியோடு காத்திருப்பவர்கள் பாறை இடுக்கில் முதலில் ஒரு கரும்புள்ளியைத்தான் காண்பார்கள். அதன் பின்னால் இரண்டு சின்னப் புள்ளிகள் உருண்டால்தான் பேனாவை எடுப்பார்கள்.

கரடி வேட்டைக்கு 1973-இல் தடை வந்தும் துப்பாக்கி ஓயவில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கிலும், ஓநாய்க்கு வைத்த விஷத்திலும் கரடி மாட்டியது. 1989-இல் கள்ளவேட்டைக்காரன் கையில் தாயை இழந்த பாகா, தோலா என்ற இரண்டு பெண் குட்டிகள் அடைப்பில் வளர்ந்து நாடறிந்த கரடிகளாயின. 1990-களின் தொடக்கத்தில் மொத்த மலைத்தொடரிலும் மிஞ்சியவை 60, 70 கரடிகள். அதுவும் இரண்டு துண்டாக. கிழக்குக் கூட்டத்துக்கும் மேற்குக் கூட்டத்துக்கும் நடுவே பஹாரெஸ் கணவாயையொட்டி நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் குறுக்கிட்டன. கரடிக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறைதான் பேறு. ஒரு தாய் செத்தால் கணக்கில் பெரிய ஓட்டை.

சுருக்குகளைத் தேடி அகற்றக் காவல் குழுக்கள் காடெல்லாம் நடந்தன. சேதமான தேன்கூட்டுக்கும் மாட்டுக்கும் மாநில அரசுகள் இழப்பீடு கொடுத்தன. மேற்குக் கூட்டத்து ஆண் கரடிகள் சில கணவாயைக் கடந்து கிழக்கே போய்க் குட்டிக்குத் தந்தையானதை, எச்சத்திலும் முடியிலும் எடுத்த மரபணு காட்டிக்கொடுத்தது. அதே முறையில் 2020-இல் போட்ட கணக்கு சுமார் 370 கரடிகள்: மேற்கே 250, கிழக்கே 120.

பெருகிய கரடிக்கு இப்போது ஊருக்குள் செர்ரி மரங்கள் தெரிந்துவிட்டன. 2021-இல் அஸ்தூரியாஸில் கங்காஸ் தெல் நார்சேயா அருகே நடந்துபோன மூதாட்டி ஒருவரை ஒரு கரடி தாக்கிக் காயப்படுத்தியது. மனிதரைக் கண்டு அசையாத கரடி வந்தால், ரப்பர் குண்டு சுட்டு விரட்டக் காவலர்களை அனுப்புகிறார்கள்.