வயதா, பயன்படுத்தாமையா? பூம்சே காட்டும் உடலறிவியல்

தேக்வாண்டோ என்றதும் தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து இருவர் மோதும் காட்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே கலையில் பூம்சே என்னும் மற்றொரு போட்டியும் உண்டு. அதில் எதிராளி இல்லை. தடுப்பு, குத்து, உதை ஆகிய அசைவுகளை வகுக்கப்பட்ட வரிசையில் செய்துகாட்ட வேண்டும். தொடக்க நிலை மாணவர் கற்கும் முதல் பூம்சேயில் 18 அசைவுகள். கறுப்புப் பட்டை நிலையில் வரும் கோர்யோ என்ற பூம்சேயில் 30 அசைவுகள்.

உலக பூம்சே வெற்றியாளர் போட்டி 2006ஆம் ஆண்டு தென்கொரியாவின் சோல் நகரில் முதன்முறையாக நடைபெற்றது. அதன் வயதுப் பிரிவுகளைப் பாருங்கள். 31 முதல் 40, 41 முதல் 50, 51 முதல் 60, 61 முதல் 65 என்று ஏறிச் சென்று, 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் தாத்தா வயதில் ஒருவர் ஒற்றைக் காலில் அசையாமல் நின்று, அடுத்த நொடி பக்கவாட்டில் உதைக்கிறார். வயதானால் உடல் தளரும் என்று படித்த நமக்கு இது எப்படிச் சாத்தியம் என்ற கேள்வி எழுகிறது அல்லவா?

இரண்டு விதமான இழப்பு

கை எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்த நண்பரைப் பார்த்திருப்பீர்கள். கட்டைப் பிரித்ததும் அந்தக் கை மற்றக் கையைவிட மெலிந்து காணப்படும். அவருக்கு வயது 15தான். அங்கே தசையைக் கரைத்தது முதுமை அல்ல, பயன்படுத்தாமை.

வயதானவர்களின் உடலில் இந்த இரண்டு இழப்புகளும் கலந்தே இருக்கின்றன. வயதால் குறைவது ஒன்று. நாற்காலியிலும் காரிலும் அமர்ந்தே கழித்த ஆண்டுகளால் குறைவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பயிற்சி கொடுத்துப் பார்த்தால்தான் எது மீளும், எது மீளாது என்பது புலப்படும்.

வேகம் ஏன் முதலில் குறைகிறது?

பூம்சேயில் மொத்தம் 10 புள்ளிகள். துல்லியத்திற்கு 4, செய்துகாட்டும் விதத்திற்கு 6. துல்லியத்தில் சிறு பிழைக்கு 0.1, பெரும் பிழைக்கு 0.3 புள்ளி கழிக்கப்படும். செய்துகாட்டும் விதத்தில் வேகமும் ஆற்றலும் 2, தாளமும் சீரும் 2, உள்ளாற்றலின் வெளிப்பாடு 2.

இவற்றுள் மூத்த வீரருக்குக் கடினமானது வேகம். காரணம் தசைநார்களில் இருக்கிறது. நம் தசையில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் உழைக்கும் நார்களும், சட்டென்று சுருங்கி விரைவில் களைக்கும் நார்களும் உள்ளன. உதையின் வெடிப்புக்கு இரண்டாம் வகையே தேவை. வயதாகும்போது அதிகம் மெலிவதும் அந்த வகைதான்.

மேலும், ஒவ்வொரு தசைநாரும் முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒரு நரம்பு உயிரணுவின் கட்டளைக்குக் காத்திருக்கிறது. வயதாக ஆக இந்த நரம்பு உயிரணுக்களில் சில இறந்துபோகின்றன. அப்போது அனாதையான தசைநார்களை அருகிலுள்ள வேறு நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும். தத்தெடுப்பது மெதுவான வகை நரம்பாக இருந்தால், அந்த நாரும் நாளடைவில் மெதுவான வகையாக மாறிவிடும். தசை உயிரோடு இருக்கும், வேகம் மட்டும் போய்விடும்.

இதயமும் அப்படித்தான். அதிகபட்ச இதயத்துடிப்பைக் கணிக்க ஒரு சூத்திரம் உண்டு: 208 − (0.7 × வயது). 60 வயதில் இது நிமிடத்திற்கு 166. உங்கள் வயதுக்குக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்தச் சரிவைத் தடுக்க முடிவதில்லை. இது உண்மையிலேயே வயதின் கணக்கு.

மீட்க முடிந்தது எவ்வளவு?

1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் மருத்துவர் மரியா ஃபியாடரோன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த 10 பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்குக் கடுமையான எடைப்பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 90! பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஆனால் தொடைத் தசையின் பரப்பு ஏறத்தாழ 9 விழுக்காடுதான் கூடியது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையே ஏன் இவ்வளவு வேறுபாடு? கூடிய வலிமையின் பெரும்பகுதி புதிய தசையால் வந்ததல்ல. இருக்கும் தசைநார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க நரம்பு மண்டலம் மீண்டும் கற்றுக்கொண்டது. ஆள் இருந்தும் அழைப்பார் இல்லாமல் கிடந்த தசை அது. ஆக, 90 வயதிலும் இழப்பின் ஒரு பகுதி பயன்படுத்தாமையால் வந்ததே என்பது இதில் தெளிவாகிறது.

நாரை போல நிற்பது

கும்காங் என்ற பூம்சேயில் ஒரு காலைத் தூக்கி, பாதத்தை மற்ற முழங்காலின் அருகே வைத்து, கைகளால் மேலும் கீழும் தடுத்தபடி மெதுவாக நிற்க வேண்டும். நாரையின் நிலை என்பதே இதன் கொரியப் பெயரின் பொருள்.

நிற்கும்போது நம் ஈர்ப்பு மையம் பாதங்கள் அடங்கிய பரப்புக்கு நேர்மேலே இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் அந்தப் பரப்பு ஒரு பாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. உடல் சற்றே சாய்ந்தாலும் மூளைக்குத் தகவல் போக வேண்டும். கண், உட்செவி, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள் ஆகிய மூன்றும் அதைத் தருகின்றன. வயதால் மூன்றுமே மங்குகின்றன. ஆனால் நாள்தோறும் சமநிலைப் பயிற்சி செய்பவரின் மூளை, கிடைக்கும் குறைந்த தகவலையும் விரைந்து பயன்படுத்தப் பழகிக்கொள்கிறது. கணுக்கால் தசைகளும் உடனுக்குடன் திருத்தம் செய்கின்றன.

உதையில் ஒளிந்திருக்கும் இயற்பியல்

60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் ஏறத்தாழ 10 கிலோ. அதன் எடை சுமார் 100 நியூட்டன். காலை நேராக நீட்டிக் கிடைமட்டமாகப் பிடித்தால், அதன் ஈர்ப்பு மையம் இடுப்பு மூட்டிலிருந்து ஏறத்தாழ 37 செ.மீ. தூரத்தில் இருக்கும். இடுப்புத் தசை சமாளிக்க வேண்டிய திருப்புவிசை 100 × 0.37 = 37 நியூட்டன் மீட்டர். முழங்காலை மடக்கித் தொடையை உயர்த்தினால் அந்தத் தூரம் ஏறத்தாழ 27 செ.மீ. ஆகிறது. திருப்புவிசையும் 27ஆகக் குறைகிறது.

"முதலில் முழங்காலைத் தூக்கு, பிறகு உதை" என்று பயிற்றுநர் ஓயாமல் சொல்வதன் காரணம் இப்போது புரிகிறதா? இளைஞர் இதைச் செய்யாமலும் தசை வலிமையால் காலை வீசிவிடலாம். மூத்தவரால் அது முடியாது; அவர் முறையாகச் செய்தே ஆக வேண்டும். அதனால்தான் சில மூத்தவர்களின் உதை தாழ்வாக இருந்தாலும் துல்லியமாக இருக்கிறது.

ஓய்வும் பயிற்சிதான்

மூத்தவர்கள் உங்களைப் போல நாள்தோறும் குதித்துப் பயிற்சி செய்தால் காயம்தான் மிஞ்சும். தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. மூட்டுகளின் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களே இல்லை. எனவே அவை மெதுவாகவே சீராகும். கடும் பயிற்சிகளுக்கு இடையே ஓய்வு நாள், நீண்ட வெதுவெதுப்புப் பயிற்சி, தசைக்கான எடைப்பயிற்சி, போதிய புரதம் ஆகியவை அவர்களுக்குக் கட்டாயம். இதய நோயோ மூட்டு வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

அடுத்த முறை தேக்வாண்டோ வகுப்பில் ஐம்பது வயது அங்கிள் ஒருவர் வெள்ளைப் பட்டையோடு உங்கள் பக்கத்தில் நின்றால் சிரிக்காதீர்கள். அவர் பதக்கத்தைவிடப் பெரிய ஒன்றுக்காகவும் பயிற்சி செய்கிறார். முதியவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பலர் பழையபடி நடப்பதே இல்லை. வழுக்கிய கணத்தில் ஒரு காலைச் சட்டென்று முன்வைக்கத் தேவையானவை வேகமான தசையும் சமநிலையும்தான். பூம்சே அந்த இரண்டையும் பழக்குகிறது.

செய்து பாருங்கள்: சுவரின் அருகே ஒற்றைக் காலில் நின்று எத்தனை வினாடி தாக்குப்பிடிக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். பிறகு கண்களை மூடிக்கொண்டு எண்ணுங்கள். நேரம் எவ்வளவு குறைகிறது? மூன்று தகவல் வழிகளில் ஒன்றை அடைத்ததன் விளைவு அது. இரண்டு வாரம் நாள்தோறும் பழகிவிட்டு மீண்டும் அளந்து, எண்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வீட்டில் பெரியவர்களும் முயன்றால், கண்களைத் திறந்தபடியே நிற்கச் சொல்லி, நீங்கள் பக்கத்திலேயே நின்று பிடித்துக்கொள்ளுங்கள்.