துருவா, தூசியா?

1942 ஒக்டோபரில், எல் அலமெயின் போரிலேயே ஷேர்மன் தாங்கி முதன்முதலாகக் களமிறங்கியது. அதனை 35இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் துண்டுகளால் ஒட்டி, பலகையிற் பரப்பிய மணல்மீது நிறுத்தினோம். நீளம் 17 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பின்னர் உற்சாக மிகுதியால் துரு நிறத்தை அள்ளிப் பூசிவிட்டோம்! கடற்காற்றில் கிடந்த இரும்பையே கண்டு பழகிய கண்களல்லவா? அத்தாங்கிகள் எகிப்தில் வந்திறங்கியதோ செப்டெம்பரில். வறண்ட பாலையில், ஆறேழு வாரத்துக்குள், அவ்வளவு துரு ஏது? மணல் வர்ணத்தை மீண்டும் பூசினோம். மங்கிய மஞ்சள் வெண்கட்டியைத் தூளாக்கித் தூரிகையாற் தடவ, தூசி படிந்தது. வீரர் மிதித்தேறும் விளிம்புகளில் மட்டும் வர்ணத்தைத் தேய்த்தோம். உள்ளே ஐவர் இருப்பர். அவர்களுக்கென ஒரு தண்ணீர்க் கலனை வெளியே கட்டினோம். ஆளுருவம் வைக்க ஏனோ மனம் வரவில்லை.