எவரெஸ்ட் மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் முன்

ஒவ்வோர் ஆண்டும் மே 29 அன்று, எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து நாம்சே பஜார் வரை ஒரு மாரத்தான் நடக்கிறது. 1953ல் அதே நாளில்தான் டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். ஓட்டம் தொடங்கும் இடம் 5,364 மீட்டர் உயரம். முடியும் இடம் 3,440 மீட்டர். நடுவில் உருளும் கற்கள், யாக் மாடுகள் போகும் ஒற்றையடிப் பாதை, ஆற்றின் மேல் ஆடும் தொங்குபாலங்கள். தூரம் வழக்கமான 42.195 கிலோமீட்டர்தான்.

கடற்கரைச் சாலையில் நான்கைந்து மாரத்தான் முடித்தவர்கள் பலருக்கும் இதன்மேல் ஆசை வருகிறது. வரட்டும், நல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் முதலில் கேட்பது, “வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்?” என்பது. என்னைக் கேட்டால், “எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும்?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

காற்றில் குறைவது எது?

மேலே ஆக்சிஜன் விகிதம் குறைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மெரினாவிலும் எவரெஸ்டிலும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதமே. குறைவது காற்றழுத்தம். அடிவார முகாமில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. நெஞ்சு நிறைய மூச்சிழுத்தாலும் இரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளும் விசை பாதிதான்.

உடல் இதைச் சமாளிக்கும், ஆனால் அதன் போக்கில்தான் சமாளிக்கும். முதல் சில மணி நேரத்திலேயே மூச்சு ஆழமாகி நாடித்துடிப்பு கூடுகிறது. அதிகம் மூச்சு விடுவதால் இரத்தத்தில் காரத்தன்மை ஏறும். அதைச் சிறுநீரகம் சரிசெய்யச் சில நாட்கள் பிடிக்கும். சிவப்பணுக்கள் போதிய அளவு பெருக வாரக்கணக்கில் ஆகும். இவற்றில் எதையும் விரைவுபடுத்தும் பயிற்சி கிடையாது. சமவெளியில் 4 மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவர் இங்கே அதைப்போல இரு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பலசாலிக்கு விலக்கு இல்லை

உடல் வலு உயர நோயிலிருந்து காக்காது என்பதை இந்திய ராணுவ மருத்துவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே பதிவு செய்துவிட்டார்கள். 1962 சீனப் போரையொட்டி, சமவெளியில் இருந்த படைகள் அவசரமாக இமயமலைக்கு ஏற்றப்பட்டன. அங்கே உயர நோயால் அவதிப்பட்ட 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங் குழுவினர் எழுதிய ஆய்வு, 1969ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. அந்த வீரர்கள் நோஞ்சான்கள் அல்ல. அன்றாடம் ஓடியும் சுமை தூக்கியும் உரமேறிய உடல்கள் அவை.

உண்மையில் ஓட்டக்காரருக்கு ஆபத்து ஒரு படி அதிகம். கால் வலுவாக இருப்பதால் இரண்டு நாள் வழியை ஒரே நாளில் ஏறிவிடுவார். வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவர் என்பதால் தலைவலியையும் வாய்திறக்காமல் பொறுத்துக்கொள்வார். மற்ற ஓட்டங்களில் இந்தக் குணம் பதக்கம் தரும். இங்கே உயிருக்கே உலை வைக்கும்.

ஏறும் நாட்களே பயிற்சி

3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 500 மீட்டரைத் தாண்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஊரில் இன்னோர் இரவு தங்க வேண்டும். உலகெங்கும் மலை மருத்துவர்கள் சொல்லும் விதி இது. பகலில் இன்னும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்கலாம், அது நல்லதும்கூட.

இந்தப் பாதையில் அதைப் பொருத்திப் பாருங்கள். 2,800 மீட்டருக்கு மேலுள்ள லுக்லாவில் விமானம் இறங்குகிறது. நாம்சே பஜாரில் இரண்டு இரவு. பிறகு 3,860 மீட்டரில் தெங்போச்சே. 4,410 மீட்டரில் திங்போச்சே, அங்கும் இரண்டு இரவு. அப்புறம் லோபுச்சே, கோரக்‌ஷெப், அடிவார முகாம். நிதானமாக ஏறினால் போகும் வழிக்கு மட்டுமே பத்து நாள் ஆகிவிடும். வானிலை சரியில்லாமல் விமானம் காத்துக் கிடக்கும் நாட்கள் தனி. வழியில் பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கம் நடத்தும் மருத்துவ மையம் இருக்கிறது. சீசனில் உயர நோய் பற்றி அங்கே மருத்துவர்கள் விளக்குவார்கள். தவறாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

எப்போது திரும்ப வேண்டும்?

தலைவலி, கூடவே குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல். புதிய உயரத்துக்கு வந்த முதல் நாளுக்குள் இவை தோன்றினால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது உயர நோய் என்றே கொள்ள வேண்டும். மேலே ஏறாதீர்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் அதே இடத்தில் குணமாகிவிடும், ஆகாவிட்டால் இறங்குங்கள்.

இரண்டு நிலைகள் உயிரைப் பறிப்பவை. ஒன்று, நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, சளியில் இளஞ்சிவப்பு நுரை வரலாம். மற்றொன்று மூளை வீக்கம்: பேச்சு குழறும், நடை தள்ளாடும். பிள்ளைகள் அடி அளந்து நடப்பதுபோல, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இருட்டானாலும் துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜனும் மருந்தும் இறங்கும்வரை கைகொடுப்பவை, குணமாக்குவது இறக்கம்தான்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. கோவிட் காலத்தில் 94க்குக் கீழே போனாலே பதறிப் பழகியவர்கள் நாம். அடிவார முகாமின் உயரத்தில் நலமாக இருப்பவருக்கே 80ஐ ஒட்டிக் காட்டும். எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம், எண் நன்றாக இருக்கிறதென்று தலைவலியை அலட்சியப்படுத்தவும் வேண்டாம்.

மாத்திரைகள்

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் உயரத்துக்குப் பழகுவதற்கு உதவுகிறது. தடுப்புக்காகப் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தரும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல்நுனி மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், பயப்பட வேண்டாம். ஆனால் இந்த மாத்திரை இருக்கிறதென்று ஏறும் நாட்களைக் குறைப்பது பெரும் தவறு.

தூக்கமில்லை என்று தூக்க மாத்திரை போடாதீர்கள், மதுவும் கூடாது. இரண்டும் மூச்சை மந்தப்படுத்தும். ஓட்டத்தன்று வலி மாத்திரைகளை, குறிப்பாக ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் வகைகளை, விழுங்கிவிட்டு ஓடுவது நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வழிநெடுக விடுதிகளில் பூண்டு சூப் தருவார்கள். பசி மந்தித்த வயிற்றுக்கு அது இதமானது, குடியுங்கள்; உயர நோய்க்கு மருந்தென்று நம்பிவிடாதீர்கள்.

ஊரில் என்ன செய்யலாம்?

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். லுக்லா விமான ஓடுதளம் அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகவே ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு வாரம் ஓடிவிட்டு உயரத்துக்குப் பழகிவிட்டோம் என்று எண்ண வேண்டாம். மூச்சைத் தடுக்கும் முகமூடி மாட்டி ஓடுவதும் வீண். அது காற்று வரும் வழியைத்தான் இறுக்குகிறது; அழுத்தத்தை மாற்றுவதில்லை.

நம் மலைகள் வேறொன்றுக்கு உதவும். இந்த ஓட்டம் பெரும்பாலும் இறக்கம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை இழைகளில் நுண்ணிய கிழிசல் விழுவது அப்போதுதான். வெள்ளியங்கிரி ஏழுமலையும் ஏறி இறங்கியவருக்கு, மறுநாள் வீட்டு மாடிப்படி இறங்கும்போது தொடை நடுங்குவது தெரிந்திருக்கும். ஆனால் ஒருமுறை அப்படி வலித்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை அதிகச் சேதமில்லாமல் தாங்கும். எனவே கொல்லிமலையோ ஏற்காடோ, அருகில் எது உண்டோ அங்கே பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை இறக்கத்தில் ஓடுங்கள். கல்லும் வேரும் கிடக்கும் பாதையாக இருந்தால் இன்னும் நல்லது. காட்டுப்பாதை என்றால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரத்தப் பரிசோதனை

புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்த உடலால் புதிய சிவப்பணுக்களைப் போதிய அளவு உருவாக்க இயலாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. ஓடுகிற பெண்கள் தங்களுக்கு இருக்காது என்று எண்ணிவிடக் கூடாது. இதயநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், அரிவாள் அணு (சிக்கிள் செல்) மரபு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரின் தெளிவான ஒப்புதல் இல்லாமல் இந்த உயரத்துக்குப் போகவே கூடாது. அரிவாள் அணு மரபு நீலகிரிப் பழங்குடியினரிடையே காணப்படுவது. ஒரு மரபணு மட்டும் உள்ளவருக்குக்கூட உயரத்தில் மண்ணீரல் பாதிக்கப்படலாம்.

குளிர்

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் நடந்தது. காலையில் கிளம்பியவர்கள் 172 பேர். நண்பகலில் ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் அடித்தன. 21 பேர் இறந்தார்கள். நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் அவர்களில் இருந்தனர். காற்று புகாத மேலங்கி அந்தப் போட்டியில் கட்டாயமாக்கப்படவில்லை. சூ கெமிங் என்ற ஆட்டிடையர் தன் குகையில் நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார்.

நம்மில் பலர் 30 டிகிரி வெயிலில் ஓடிப் பழகியவர்கள். ஈரத்தோடு காற்றும் சேர்ந்த குளிர் எப்படித் தாக்கும் என்பது நமக்குத் தெரியாது. மழையும் காற்றும் புகாத மேலங்கி, கையுறை, காது மூடும் தொப்பி, உலர்ந்த மாற்றுச் சட்டை, தலைவிளக்கு. வானம் தெளிந்திருந்தாலும் இவை முதுகுப்பையில் இருக்கட்டும். ஹெலிகாப்டர் மீட்புக்கும் சேர்த்தே காப்பீடு எடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது நாட்கள். அலுவலகத்தில் மூன்று வார விடுப்பு கிடைக்கவில்லையென்றால் இந்த ஆண்டு பெயர் கொடுக்காதீர்கள். கிடைக்கிற ஆண்டில் போங்கள்.