போன் மெதுவாகிவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை தூக்குகிறவரிடம் போன் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில் துணி தேய்க்கிறவரிடமும் போன் இருக்கிறது. கூலி போனில் வருகிறது. மீன் வாங்கினால் காசு போனில் போகிறது. கேஸ் பதிவு, பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

அந்தப் போன் இரண்டு மூன்று வருஷத்தில் மெதுவாகிவிடுகிறது. தொட்டால் உடனே திறப்பதில்லை. பேசும்போதே அணைந்துவிடுகிறது.

“இது போயிடுச்சு அக்கா. புதுசு வாங்கிடுங்க” என்கிறார்கள்.

புதுப் போனுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் வேண்டும். அது எத்தனை நாள் கூலி? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மெதுவான போன் எல்லாம் கெட்டுப்போன போன் அல்ல. பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

ஒன்று, போனில் இடம் நிறைந்திருக்கும்.
இரண்டு, பேட்டரி தளர்ந்திருக்கும்.
மூன்று, மென்பொருள் பழையதாகியிருக்கும்.

எது காரணம் என்று முதலில் பார்ப்போம். பிறகு பணத்தை எடுப்போம்.

மென்பொருள் என்றால் என்ன?

போனைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி இருக்கிறது. உள்ளே பேட்டரி இருக்கிறது. இவை தொட்டுப் பார்க்கக்கூடியவை. இவற்றை வன்பொருள் என்கிறோம்.

அடுப்பும் பானையும் அரிசியும் இருந்தால் மட்டும் சோறு ஆகிவிடுமா? எப்படிச் சமைப்பது என்று தெரிய வேண்டும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று தெரிய வேண்டும். போனுக்கும் அப்படித்தான். எதை எப்போது செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளைகள் உள்ளே எழுதப்பட்டிருக்கின்றன. அதுதான் மென்பொருள். அதைக் கையால் தொட முடியாது. ஆனால் திருத்தி எழுத முடியும்.

நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன். ஆண்ட்ராய்டு என்பது அந்தப் போனின் அடிப்படை மென்பொருள். அதன் மேல்தான் வாட்ஸ்அப், கூகுள் பே போன்ற ஆப்கள் ஓடுகின்றன.

முதல் காரணம்: இடம்

பஜார் ரோட்டுக் குடோன்களைப் பார்த்திருப்பீர்கள். சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். வாசல் வரை அடுக்கிவிட்டால் என்ன ஆகும்? ஆள் நடக்க வழி இருக்காது. ஒரு மூட்டையை எடுக்க நாலு மூட்டையை நகர்த்த வேண்டும்.

போனிலும் ஒரு குடோன் இருக்கிறது. அதை ஸ்டோரேஜ் என்கிறார்கள். 32 ஜிபி, 64 ஜிபி, 128 ஜிபி என்று அளவு சொல்வார்கள். போட்டோ, வீடியோ, ஆப் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் திணறும்.

இன்னொன்று ரேம். தோபி கானாவில் துணி தேய்க்கும் மேசை போன்றது ரேம். குடோனில் ஆயிரம் துணி இருக்கலாம். மேசை மேல் ஒரு நேரத்தில் சில துணிதான் விரிக்க முடியும். ஒரே நேரத்தில் பத்து ஆப்களைத் திறந்தால் மேசை போதாது.

என்ன செய்யலாம்?

போனின் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போங்கள். போன் தமிழில் இருந்தால் ‘அமைப்புகள்’ என்று இருக்கும். அதில் ஸ்டோரேஜ் அல்லது சேமிப்பகம் என்பதைத் தொடுங்கள். எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும்.

பல போன்களில் வாட்ஸ்அப்தான் அதிக இடம் பிடித்திருக்கும். தினமும் வரும் ‘காலை வணக்கம்’ படங்களும் வீடியோக்களும் அங்கேயே தங்கிவிடுகின்றன. வேண்டிய குடும்பப் படங்களை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அழியுங்கள். பயன்படுத்தாத ஆப்களை நீக்குங்கள். வாரம் ஒருமுறை போனை அணைத்துப் போடுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

‘போனை வேகமாக்கும்’, ‘போனைச் சுத்தமாக்கும்’ என்று சொல்லிச் சில ஆப்கள் வரும். அவை வேண்டாம். அவையே இடம் பிடிக்கும். விளம்பரம் காட்டும். செட்டிங்ஸ் பக்கத்தில் நாமே செய்யக்கூடிய வேலை அது.

இரண்டாம் காரணம்: பேட்டரி

பேட்டரிக்கும் வயதாகும். சில நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகு அது முன்போல் தாங்காது. 40 சதவீதம் காட்டும்போதே போன் அணைந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம்.

இது பற்றி உலகமே பேசிய ஒரு கதை உண்டு. ஐபோன் செய்யும் ஆப்பிள் கம்பெனி 2017 டிசம்பரில் ஒன்றை ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்தன. அதைத் தடுக்க, அப்டேட் மூலம் அந்தப் போன்களின் வேகத்தைக் கம்பெனி குறைத்திருந்தது. வாங்கியவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லவில்லை.

மக்கள் கோபப்பட்டார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020இல் பிரான்ஸ் நாட்டு அரசுத் துறை இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? பேட்டரியை மாற்றியதும் அந்தப் போன்கள் பழைய வேகத்துக்கு வந்தன. கெட்டது போன் அல்ல, பேட்டரிதான். அதைத் தெரியாமல் எத்தனையோ பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள்.

ஆகவே கடைக்குப் போனால், “புதுசு என்ன விலை?” என்று முதலில் கேட்காதீர்கள். “இதுக்குப் பேட்டரி மாத்த எவ்வளவு?” என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒருமுறை கேளுங்கள். பக்கத்துக் கடையிலும் கேளுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள். குத்தாதீர்கள். சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும். உடனே கடையில் காட்டுங்கள்.

மூன்றாம் காரணம்: பழைய மென்பொருள்

போனில் அவ்வப்போது ‘அப்டேட்’ என்று செய்தி வரும். பலர் அதைத் தள்ளிவிடுகிறார்கள்.

“அப்டேட் போட்டா போன் கெட்டுடும்னு சொல்றாங்களே தம்பி?” என்று எங்கள் மையத்துக்கு வரும் ஒரு அம்மா கேட்டார்.

நியாயமான கேள்விதான். இடம் நிறைந்த போனில் பெரிய அப்டேட் போட்டால் போன் இன்னும் திணறலாம். ஆகவே முதலில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஆனால் அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. ஏன்?

2017 மே மாதம் 12ஆம் தேதி ‘வானாக்ரை’ என்ற கெட்ட மென்பொருள் உலகம் முழுவதும் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளை அது பூட்டிவிடும். திறக்க 300 டாலர் கேட்கும். இங்கிலாந்தில் பல ஆஸ்பத்திரிகளின் வேலை நின்றது. மூன்று நாளில் அது கேரளத்துக்கும் வந்துவிட்டது. வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகம், பத்தனம்திட்டாவில் அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகம் ஆகியவற்றின் கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் பாதிப்பு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விண்டோஸ் மென்பொருளில் ஓட்டை இருப்பது முன்பே தெரிந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் கம்பெனி அதை அடைக்கும் அப்டேட்டை மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துவிட்டது. அதாவது ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே. அதைப் போட்டிருந்த கம்ப்யூட்டர்களில் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை.

வீட்டுப் பூட்டு சரியில்லை என்று தெரிகிறது. புதுப் பூட்டு கையில் இருக்கிறது. ஆனால் மாட்டவில்லை. திருடன் வந்துவிட்டான். நடந்தது இதுதான்.

நம் போனும் ஒரு வீடுதான். அதில் நம் கூலிப் பணம் இருக்கிறது. அப்டேட் என்பது புதுப் பூட்டு.

அப்டேட் போடுவது எப்படி?

1. போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும்.
2. முக்கியமான படங்களை வேறு இடத்தில் சேமித்துவையுங்கள்.
3. செட்டிங்ஸ் பக்கத்தில் ‘சிஸ்டம் அப்டேட்’ அல்லது ‘மென்பொருள் புதுப்பிப்பு’ என்று தேடுங்கள்.
4. அதைத் தொடுங்கள். முடியும்வரை போனை அணைக்காதீர்கள்.
5. ஆப்களின் அப்டேட்டை ப்ளே ஸ்டோரில் போடுங்கள்.

இந்த இரண்டு இடங்களை மட்டும் நினைவில் வையுங்கள். ஒன்று செட்டிங்ஸ். இன்னொன்று ப்ளே ஸ்டோர். வாட்ஸ்அப்பில் அப்டேட் என்று ஏதாவது ஃபைல் வந்தால் தொடாதீர்கள்.

2025இல் பலருக்கு இப்படி ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் வண்டிக்கு அபராதம். இந்த ஆப்பைப் போட்டுப் பாருங்கள்.’ எம்பரிவாஹன் என்ற அரசு ஆப்பின் பெயரில் ஒரு போலி ஆப் கூடவே வந்தது. ஏ.பி.கே. என்று முடியும் ஃபைல் அது. அதைப் போட்டவர்கள் பணத்தை இழந்தார்கள். அந்த ஜூலையில் கொச்சி சைபர் போலீஸார் வாரணாசி வரை போய் இருவரைக் கைது செய்தார்கள்.

தவறிப் போட்டுவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

‘ரூட்’ செய்யலாமா?

“அண்ணா, ரூட் பண்ணித் தர்றேன். போன் பறக்கும்” என்று சில இளைஞர்கள் சொல்வார்கள். ரூட் செய்வது என்றால் என்ன? மென்பொருளின் உள்ளே யாரும் கை வைக்காமல் கம்பெனி ஒரு காவல் போட்டிருக்கிறது. அந்தக் காவலை எடுத்துவிடுவதுதான் ரூட். அப்போது விருப்பப்படி மாற்றலாம். வேண்டாத ஆப்களை நீக்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் பழைய போனில் புது மென்பொருளும் ஏற்றுகிறார்கள்.

ஆனால் காவல் போனால் திருடனுக்கும் வழி திறக்கும். பல வங்கி ஆப்கள் அந்தப் போனில் ஓடாது. வாரன்டியும் போகலாம். பாதியில் தவறினால் போனே எழுந்திருக்காது. பணம் வைத்திருக்கும் போனுக்கு இது வேண்டாம்.

பழைய கம்ப்யூட்டருக்கு என்ன வழி?

கம்ப்யூட்டரில் மாற்றம் செய்வது இன்னும் எளிது. பல பழைய கம்ப்யூட்டர்களில் ரேமைக் கூட்டலாம். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடலாம். நன்றாக வேகம் வரும்.

மென்பொருளையும் மாற்றலாம். விண்டோஸ் 10 என்ற மென்பொருளுக்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆனால் லினக்ஸ் என்று ஒன்று உண்டு. அதற்கு விலை இல்லை. யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் அதைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறது. 2024இலும் ஒரு புதுப் பதிப்பு வந்தது. அரசுப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். காட்டித் தருவார்கள்.

எப்போது விட்டுவிட வேண்டும்?

எந்தப் போனுக்கும் கம்பெனி என்றென்றும் அப்டேட் கொடுக்காது. சில போனுக்கு இரண்டு வருஷம். சில போனுக்கு ஏழு வருஷம். வாட்ஸ்அப்பும் மிகப் பழைய போன்களை விட்டுவிடும். 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 உள்ள போன்களில் அது ஓடுவதில்லை.

அப்டேட் நின்ற போனைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பாட்டுக் கேட்கலாம். அலாரம் வைக்கலாம். ஆனால் பணம் அனுப்பும் ஆப்களை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். பயனே இல்லை என்றால் குப்பையில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

புதுப் போன் வாங்கும்போது கேமராவை மட்டும் பார்க்காதீர்கள். “இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?” என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜூன் முதல் இதற்கு ஒரு விதி இருக்கிறது. கம்பெனி ஒரு போனின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஐந்து வருஷம் அப்டேட் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. உதிரிப் பாகம், வாரன்டி பற்றிய விவரங்களைக் கம்பெனிகள் அதில் தர வேண்டும் என்பது நோக்கம்.

வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் பதில் சொல்வார். பத்தாயிரம் ரூபாய் கொடுக்கும் நமக்குக் கேட்க உரிமை உண்டு.

உங்கள் போனைப் பார்த்து எழுதுங்கள்

1. போன் வாங்கிய வருஷம்: ............
2. மொத்த இடம் எத்தனை ஜிபி: ............
3. காலியாக உள்ள இடம் எத்தனை ஜிபி: ............
4. கடைசியாக அப்டேட் போட்ட தேதி: ............
5. பணம் போனால் பேச வேண்டிய எண்: ............

எழுதிய தாளைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டுங்கள். அவர் போனையும் சேர்ந்து பாருங்கள்.